பம்ப் தொழிற்கூடத்தில் மின்னணுக் கான்பன்: நான்கு ஆண்டு அனுபவம்

கோவை கணபதியில் உள்ள எங்கள் மோனோபிளாக் பம்ப் தொழிற்கூடத்தில் மின்னணுக் கான்பன், அதாவது எடுத்த அளவை மட்டும் அட்டை மூலம் கேட்டு நிரப்பும் முறையின் கணினி வடிவம், நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகள் காகித அட்டைகளைக் கொண்டே இம்முறையை நடத்தினோம். அந்தப் பழக்கம் இல்லாமல் நேரடியாக மென்பொருளுக்குச் சென்றிருந்தால் போட்ட பணம் வீணாகியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

முன்பு மாதத் தொடக்கத்தில் திட்டம் வகுத்து, கேசிங் (பம்பின் வெளிக்கூடு), இம்பெல்லர் (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) வார்ப்புகளை மொத்தமாக வரவழைத்து அடுக்கிவைப்போம். கோடை விற்பனை தொடங்கும்போது அரை எச்.பி.க்கான கேசிங் குவிந்து கிடக்கும். டீலர் கேட்கும் ஒன்றரை எச்.பி.க்கு உரியதோ இருக்காது. இதற்கு மாறாக, டொயோட்டாவில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த, கான்பனுக்கு அடிப்படையான இழுப்பு முறையில், அடுத்த பிரிவு எடுத்துக்கொண்ட அளவை மட்டுமே முந்தைய பிரிவு மீண்டும் செய்து நிரப்பும்.

இந்தத் தேவையை முந்தைய பிரிவுக்குச் சொல்வது அட்டை, ஒரு டிரேக்கு ஓர் அட்டை. அட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளுக்கு 60 கேசிங் தேவை, பவுண்டரியிலிருந்து (வார்ப்பாலையிலிருந்து) வந்து சேர 5 நாள், பாதுகாப்புக்கு 20 விழுக்காடு கூடுதல், ஒரு டிரேயில் 30 உருப்படி என்றால், 60-ஐ 5-ஆலும் 1.2-ஆலும் பெருக்கி 30-ஆல் வகுக்க 12 அட்டைகள் வரும். அவசரம் என்று யார் கேட்டாலும் பதின்மூன்றாவது அட்டையைத் தராமல் இருப்பதில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது.

காகித அட்டைக் காலத்தில் வண்டி ஓட்டுநரின் சட்டைப்பையிலேயே அட்டை தங்கிவிட, அசெம்பிளி நின்ற நாள்கள் உண்டு. இப்போது டிரேயில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன் பவுண்டரியின் திரையில் தேவை தெரிந்துவிடுகிறது. ஆனாலும் முதல் ஆறு மாதங்கள் பற்றாக்குறை தீரவில்லை. காலி டிரேக்களைச் சேர்த்துவைத்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்ததே காரணம். "காலியான பொறவு அடிச்சாப் போதாதுங்களா?" என்று மூத்த ஆபரேட்டர் ஒருவர் கேட்டார், அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை, நாங்கள்தான் விளக்கத் தவறியிருந்தோம். டிரேயிலிருந்து முதல் உருப்படியை எடுக்கும்போதே ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற விதி பழக்கமான பிறகே ஓட்டம் சீரானது.

தீபாவளிக்கு வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குச் செல்லும்போது பவுண்டரியின் 5 நாள் 9 நாளாகிவிடும். அந்த வாரங்களுக்கு அட்டைகளை முன்கூட்டியே மறுகணக்கிட வேண்டும். மென்பொருள் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

குஜராத்தின் ராஜ்கோட்டில் தயாராகும் பம்புகளோடு விலையில் மோதுவது எங்களுக்குக் கடினம். ஆனால் பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ உள்ள டீலர் ஆறு ரகங்களில் இரண்டிரண்டாகக் கேட்டாலும், முன்பு மூன்று வாரம் எடுத்த இடத்தில் இப்போது நான்கு நாளில் அனுப்பிவிடுகிறோம். சரக்கில் முடங்கிய பணமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே விற்கும் ரகங்களை இம்முறைக்குள் கொண்டுவராமல், ஆர்டர் வந்த பிறகே செய்கிறோம்.