அயர்லாந்தின் ஈரத்தில் எந்த ஹெம்ப்: ஃபினோலாவா, ஃபெடோரா 17ஆ, ஃபியூட்டுரா 75ஆ?

அயர்லாந்தின் தென்கிழக்கே, கார்லோ, வெக்ஸ்ஃபர்ட் பக்கம், ஹெம்ப்பை (நாருக்கும் விதைக்கும் போடும் கஞ்சா இனப் பயிர்) வளர்ப்பது பெரிய காரியமில்லை. மே தொடக்கத்தில் விதைத்தால் ஜூலை முடிவதற்குள் நெட்டை ரகங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். கஷ்டமெல்லாம் அறுப்பில்தான். செப்டம்பரில் காற்றே ஈரம்; விடிகாலைப் பனி காய்வதற்குள் மதியம் நெருங்கிவிடும். ஆகவே ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது விளைச்சல் எவ்வளவு என்பதல்ல. எந்த வாரத்தில் அறுப்புக்கு வரும், அந்த வாரத்து ஈரத்தை எப்படிப் போக்கப்போகிறோம் என்பதே.

இங்கே எடுத்துக்கொண்ட மூன்றும் போதைக்கு உதவாத ரகங்கள். ஃபினோலா பின்லாந்தில் தேர்வு செய்யப்பட்ட குட்டை விதை ரகம். ஆரம்பத்தில் ஃபின்-314 என்று பெயர். ஃபெடோரா 17 பிரான்சின் கலப்பு வழி ரகம்: ஆண் தனி, பெண் தனியாக வளரும் ரகத்தின் பெண் செடிகளை, ஒரே செடியில் இரு பாலும் உள்ள ஃபிப்ரிமான் வழியோடு சேர்த்து உருவாக்கிய குடும்பம் அது. ஃபியூட்டுரா 75உம் பிரெஞ்சு ரகம்தான், ஆனால் பின்பருவத்துக்குரியது; முக்கியமாக நாருக்காகப் போடுவது.

பூக்கும் காலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

ஹெம்ப் பகல் குறையும்போது பூக்கும் செடி. கார்லோவில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 17 மணி நேரம்; அது 14 மணிக்கு இறங்க ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தாண்டும். ஃபியூட்டுரா ஆகஸ்டில்தான் பூவெடுக்கும். அதில் விதைக்குக் காத்திருந்தால் அக்டோபர் மழையில் நிற்க வேண்டும், பூங்கொத்து முழுக்கச் சாம்பல் பூஞ்சை ஏறிவிடும். ஃபினோலா இந்தக் கணக்குக்குள் வராது. பகல் நீண்டிருந்தாலும் விதைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். 100 முதல் 120 நாளில் விதை முற்றும். மே முதல் வாரம் விதைத்தால் ஆகஸ்ட் கடைசியில் கம்பைன் அறுவடை எந்திரத்தை வயலில் இறக்கலாம். ஃபெடோரா இரண்டுக்கும் நடுவே, செப்டம்பர் பின்பாதியில் வரும். இந்த மூன்று நான்கு வாரத் தாமதம் தாளில் சிறிதாகத் தெரியும், வயலில் பெரிது.

சாம்பல் பூஞ்சைக்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி வெப்பமும் விடாத ஈரமும். செடியின் அடர்த்தியான தலைப்பகுதியில் பனி தங்கினால் உள்ளிருந்தே அழுகும். வெளியே பழுப்பு தெரியும்போது விதை கருத்திருக்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பயிர் நெருங்கிச் சாய்ந்து நிலைமையை மோசமாக்கும். விதைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 80 முதல் 100 கிலோ, நார்ப் பயிருக்கு 120 கிலோ. அதற்கு மேல் வேண்டாம். வெண்பூஞ்சைத் தண்டழுகல் இன்னொரு எதிரி. கடுகு வகை எண்ணெய் வித்தையும் பீன்ஸையும் தாக்குவதும் அதே பூஞ்சைதான். அவற்றை அடுத்து ஹெம்ப்பைப் போடாதீர்கள்.

விதைப்பு

மண் 8 முதல் 10 டிகிரி சூடேறிய பிறகு, 2 முதல் 3 செ.மீ. ஆழம், வரிசை இடைவெளி 12.5 செ.மீ.; தானியம் விதைக்கும் டிரில் போதும். விதை அளவை மூட்டையில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல் கணக்குப் போடுங்கள்: சதுர மீட்டருக்கு வேண்டிய செடிகளை ஆயிரம் விதை எடையால் (கிராமில்) பெருக்கி, முளைத்து நிலைக்கும் சதவீதத்தால் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வரும். 150 செடி, 70 சதவீதம் நிலைக்கும் என்று வைத்தால், 12 கிராம் எடையுள்ள ஃபினோலாவுக்கு சுமார் 26 கிலோ. 17 கிராம் எடையுள்ள பிரெஞ்சு விதைக்கு 36 கிலோ. நார்ப் பயிருக்கு இன்னும் நெருக்கம் வேண்டும். நெருங்கினால்தான் தண்டு மெலிந்து நேராக ஓடும்.

இறுகிய மண்ணும் தேங்கிய நீரும் இளஞ்செடியை மஞ்சளாக்கி முடக்கிவிடும். உழவு வண்டி திரும்பும் வரப்போரங்களில் இது அப்பட்டமாகத் தெரியும்.

களையில் ஃபினோலா தோற்கிறது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடுவதால் சக்கரவர்த்திக் கீரை இனக் களை அதற்கு மேல் தலை தூக்கும். தெளிக்கத் தோதான களைக்கொல்லி கிடைக்காது. களையின் முதல் முளைப்பை எழவிட்டு, மேலோட்டமாகக் கிளறிக் கொன்றுவிட்டு, பத்து நாள் கழித்து விதைப்பதே வழி. ஃபெடோராவும் ஃபியூட்டுராவும் நிலத்தை மூடிக் களையைத் தாமே அமுக்கிவிடும்.

அறுப்பும் உலர்த்தலும்

பத்தில் ஏழு விதை முற்றியதும் அறுக்க வேண்டும். முழுவதும் முற்றட்டும் என்று நின்றால் உதிரும், பறவைகளும் விடாது. அப்போது விதையில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும், கூடவே பச்சை இலைத் துணுக்கும் வரும். நான்கு மணி நேரத்துக்குள் காற்றோட்டத்தில் போடாவிட்டால் குவியல் சூடேறி எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சேமிக்க ஈரம் 9 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 20 சதவீதத்தில் வந்த ஒரு டன்னிலிருந்து 121 கிலோ தண்ணீர் போக வேண்டும்; 28 சதவீதத்தில் வந்தால் 209 கிலோ. ஃபினோலாவுக்கும் ஃபெடோராவுக்கும் உள்ள உண்மையான செலவு வித்தியாசம் இந்த எண்களில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியின் காற்று பாதி வேலையைச் செய்து கொடுக்கும். செப்டம்பர் கடைசியில் டீசல்தான் செய்ய வேண்டும். உலர்த்தும் காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

எந்திரத்துக்கும் ஃபினோலா இதமானது. ஃபெடோரா இரண்டு மீட்டருக்கு மேல் போகும். வெட்டுச் சட்டத்தை உயர்த்தித் தலையை மட்டும் எடுக்காவிட்டால் நார் தண்டு உருளைகளைச் சுற்றிக்கொள்ளும், பேரிங் சூடேறித் தீப்பிடித்ததும் உண்டு. கத்தியைக் கூராக வையுங்கள், கதிரடிக்கும் உருளையை மெதுவாக ஓட்டுங்கள், மணிக்கொரு முறை இறங்கிப் பாருங்கள்.

ஃபியூட்டுராவின் கதை வேறு. விதைக்குக் காத்திராமல், பூத்திருக்கும்போதே, ஆகஸ்ட் கடைசியில் அறுத்து வயலிலேயே பனியில் ஊறப் போட வேண்டும். ஈரக் காற்று இங்கே உதவிக்கு வருகிறது: நுண்ணுயிர்கள் நாரை ஒட்டியிருக்கும் பெக்டினைத் தின்று விடுவிக்க அது வேண்டும். ஆனால் நிறுத்த வேண்டிய நாளில் நிற்காது. இரண்டு முதல் ஐந்து வாரத்துக்குள், தண்டை முறித்தால் நார் சக்கையிலிருந்து சுலபமாகப் பிரியும் நிலை வந்ததும், ஒரு முறை புரட்டி 15 சதவீத ஈரத்துக்குக் கீழே பேல் (இறுக்கிய கட்டு) கட்ட வேண்டும். மழை வாரம் குறுக்கிட்டால் நார் கருத்து வலுவிழக்கும். ஹெம்ப்கிரீட் (ஹெம்ப் சக்கையும் சுண்ணாம்பும் கலந்த கட்டுமானப் பொருள்) சுவருக்கு வாங்குபவர்கள் கருத்த சக்கையைத் தொடமாட்டார்கள்.

விதையும் வேண்டும் தண்டும் வேண்டும் என்று ஃபெடோரா போடச் சொல்லும் ஆலோசனையை அயர்லாந்துக்கு நான் ஏற்கமாட்டேன். விதை அறுத்தபின் தண்டு கீழே விழுவது செப்டம்பர் கடைசியில். அதன்பின் பேல் கட்டும் அளவுக்குக் காயும் நாட்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஹெம்ப்புக்குப் பேர்போன பிரான்சின் ஒப் பகுதியில் நடப்பது இங்கே நடக்காது. களை மிகுந்த நிலத்தில் விதைக்காக மட்டும் போடுவதானால் ஃபெடோரா சரி. உலர்த்தும் எந்திரமும் களை அடங்கிய நிலமும் இருந்தால் ஃபினோலா. உலர்த்தும் எந்திரம் இல்லை, ஆனால் தண்டை வாங்க ஆலை பக்கத்தில் உண்டென்றால் ஃபியூட்டுரா. பேல் கனமில்லாவிட்டாலும் இடம் அடைக்கும். தூரம் கூடினால் லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும்.

எந்த ரகமானாலும் எச்.பி.ஆர்.ஏ. (அயர்லாந்தின் மருந்துப் பொருள் ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் விதைப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய மானியத்துக்கு டிஎச்சி (போதை தரும் பொருள்) வரம்பு 2023 முதல் 0.3 சதவீதம், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சான்று விதை மட்டுமே செல்லும், மூட்டைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இலையும் பூவும் விற்பனைக்கல்ல. அயர்லாந்துச் சட்டத்தில் அவை கட்டுப்பாட்டுப் பொருட்கள். சொந்த விதையை எடுத்துவைத்து மறு ஆண்டு போடுவது சட்டத்தால் மட்டுமல்ல, ஃபெடோராவின் பிறப்பாலும் பயனற்றது. விதைப் பண்ணைகளில் ஆண் செடிகளைத் தேடித் தேடிப் பிடுங்கித்தான் அந்த இருபால் தன்மையைக் காக்கிறார்கள். விட்டுவிட்டால் சில தலைமுறைகளில் ஆண் செடிகள் பெருகி, விதை பிடிக்கும் செடிகள் குறைந்துவிடும்.