மார்ட்டினியா, பிரனோவா? குமுளி மழைக்கு எந்தப் பாயிண்ட் டூ டூ

பீர்மேடு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா காலத்து லைசென்ஸைப் பெயர் மாற்றும்போது பீரோவிலிருந்து வெளியே வரும் சின்ன ரைஃபிள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, விசைக்குப் பின்னால் வளைந்த இரும்பு லீவர் தொங்கும் பி.எஸ்.ஏ. மார்ட்டினி. மற்றது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிரனோ மாடல் 2. இரண்டுமே பாயிண்ட் டூ டூ, அதாவது .22 அங்குலக் குழல், ரிம்ஃபயர் ரகம். எதை வைத்துக்கொண்டு எதை விற்பது என்று குழம்பாத வாரிசு இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைமேல் குடியிருந்தால் பிரனோ. கீழே கம்பம், உத்தமபாளையம் என்றால் மார்ட்டினி. குறி எது சுத்தம் என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. எந்த ஊர் மழைக்கு எது தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

"என்ன மாமா, மார்ட்டினியைப் போய் வேண்டாம்ங்குறீங்க?" என்று கேட்பவர்களுக்காக அதன் பெருமையை முதலில் பேசிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குப் பிறகு, சாதாரண ஆட்களுக்கும் குறி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பிரிட்டனில் மினியேச்சர் ரைஃபிள் கிளப்புகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அந்தக் கிளப்புகளுக்காக பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்ததுதான் இந்தச் சின்ன மார்ட்டினி. மாடல் 12 முதல் உலகப் போருக்கு முந்தியது. 12/15 இரண்டாம் போரை ஒட்டி வந்தது. ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றியில் இருந்த அதே தத்துவம்தான்: லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் எஃகுக் கட்டை முன்பக்கம் தாழும், அதன் மேல் இருக்கும் பள்ளத்தில் தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் முன்னால் தள்ள வேண்டும், லீவரை மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. விசை கண்ணாடிக் குச்சி முறிவது மாதிரி 'டக்'கென்று விடும். பின்னால் பார்க்கர் ஹேல் பீப் சைட்டும் (சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பாகம்) இருந்தால், 50 மீட்டரில் நூறு வயதுத் துப்பாக்கி இன்றைய பையன்களை வெட்கப்பட வைக்கும். அந்த பீப் சைட் காணாமல் போயிருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், தப்பே இல்லை.

அதில் இன்றைய தோட்டா ஓடுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. ஓடும். பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் வந்தது, அதன் அளவு இன்றுவரை மாறவில்லை. பித்தளைக் குப்பியின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். ரிம்ஃபயர் என்பது இதுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். வேகம் கூட்டிய தோட்டா பழசுக்கு வேண்டாம். 40 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு, ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும் சாதாரண ரகமே போதும். குறியும் அதில்தான் நன்றாக நிற்கும்.

மார்ட்டினியின் சங்கடம் குழலுக்குள் இருக்கிறது. 1920-களின் கடைசி வரைக்கும் தோட்டா விளிம்பில் இருந்த மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. சுட்டபின் குழலில் அது உப்பாகத் தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ராத்திரியோடு ராத்திரியாகத் துரு பிடிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தவர்களின் துப்பாக்கிதான் பிழைத்தது. அப்படிக் கழுவியவர்கள் குறைவு. அதனால் போருக்கு முந்தைய மார்ட்டினிகளில் பலவற்றுக்குக் குழல் உள்ளே அம்மைத் தழும்பு விழுந்திருக்கும். பிரனோ மாடல் 2 ஐம்பதுகளில் பிறந்தது. அதற்குள் மேற்கத்திய தோட்டாக்களில் உப்பு மருந்து போய்விட்டது. மரக் கட்டை அடிபட்டு, மேல்பூச்சு வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே பளபளவென்று இருக்கும் பிரனோக்கள் நிறைய.

இரண்டாவது சங்கடம் துடைப்பது. மார்ட்டினியில் பின்பக்கம் அடைப்பு. துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட வழியில்லை. வாய்ப் பக்கத்திலிருந்து விட வேண்டும், இல்லையென்றால் துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்கும் புல்த்ரூ கயிறு. கம்பி போய்ப் போய் வரும்போது குழலின் வாய் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தோட்டா குழலை விட்டுப் போகும் கடைசி இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குறி நிற்காது. பிரனோவில் பின்பக்கத்தைப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைப் பின்னால் இழுத்து எடுத்துவிட்டால் கம்பி பின்னாலிருந்து சுகமாகப் போகும்.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. ஜூன் பிறந்தால் குமுளியில் துணி காயாது. செக்போஸ்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி லோயர் கேம்ப் வந்தால் அதே நாளில் வெயிலும் காற்றும் அடிக்கும். மேலே இருப்பவர் மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது குழலில் எண்ணெய்த் துணி விட வேண்டும். வாரா வாரம் வாய்ப்பக்கமாகத் துடைக்கப்படும் மார்ட்டினியின் கதி என்னவாகும்? கம்பத்துக்காரருக்கு மாதம் ஒருமுறை போதும். அவருடைய தொல்லை வேறு, கோடையில் வால்நட் கட்டை வறண்டு வெடிக்கும். அதற்கு ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்தால் தீர்ந்தது.

எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ போட்டு மூடி வைக்காதீர்கள். மலை ஈரத்தை உறை குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், அது இன்னொரு கண்டம். ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி எனக்குத் திரும்பி வந்தபோது குழலின் மேல் சிவப்பாகக் கைரேகையே தெரிந்தது. யாரோ வியர்வைக் கையோடு தூக்கி வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பின்பக்கம் வெள்ளைக் காகிதம் வைத்து வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள். குழலின் உள்சுவரில் வெட்டிய வரிகள் வாய் வரை சுழன்று கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அங்கே எப்போதோ ஈயம் சிக்கி, அதன்மேல் அடுத்தது சுடப்பட்டுக் குழல் உப்பியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால் மேடு தட்டும். அதை விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் ரேஞ்சில் சுட்ட குப்பி ஒன்றைக் கேளுங்கள். விளிம்பில் ஊசி பதிந்த இடம் ஆழமாகவும் முழுசாகவும் இருக்கிறதா? விளிம்பு புடைத்திருக்கிறதா? புடைத்திருந்தால் பூட்டும் பாகம் தளர்ந்துவிட்டது என்று பொருள். தோட்டா உள்ளே போகவே முரண்டு பிடித்தால், யாரோ வெறும் துப்பாக்கியை 'டிக் டிக்' என்று தட்டி விளையாடி, ஊசி குழல் ஓரத்தைக் கொத்தியிருக்கிறது. ரிம்ஃபயரை வெறுமனே தட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். இதைக் கடை மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

புதுப்பிக்கிறேன் என்று பாலிஷ் சக்கரத்தில் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பி.எஸ்.ஏ.வின் மூன்று துப்பாக்கி சாய்த்த முத்திரை, பிரனோவின் எழுத்து எல்லாம் மழுங்கி, மேலே கறுப்புச் சாயம் ஏற்றினால் பொம்மைத் துப்பாக்கிதான் மிச்சம். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தொட்டு, துருவை மட்டும் பொறுமையாக எடுத்தால் போதும். வெளுத்த இடம் வெளுத்தே இருக்கட்டும். சீரியல் நம்பர் இருக்கும் பக்கம் கையே வைக்காதீர்கள். நம்பர் அழிந்தால் துப்பாக்கியும் போகும், கேஸும் வரும். துடைப்பது, எண்ணெய் போடுவது நம் வேலை. ஸ்பிரிங் மாற்றுவது, ஊசி செய்வது லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை. இதிலும் பிரனோவுக்கே சாதகம். பின்னாளில் வந்த சி.இசட். 452 அதே வம்சம், அதன் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இதிலும் உட்காரும். பிரனோவின் சேஃப்டி மட்டும் மற்றவற்றுக்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்யும். புதிதாகக் கைக்கு வந்தவர் தோட்டா இல்லாமல் பழகிவிட்டுத்தான் ரேஞ்சுக்குப் போக வேண்டும்.

சரி, காகிதத்துக்கு வருவோம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆள் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. தாத்தாவின் இரட்டைக் குழல், மார்ட்டினி, பிரனோ மூன்றும் வந்து சேர்ந்தால் ஒன்று போக வேண்டியதுதான். ஆனால் மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் குறிப் பயிற்சிக்காக வைத்திருக்கும் பாயிண்ட் டூ டூவுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது. பழைய ரைஃபிள் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த நாட்டில் திறந்திருக்கும் ஒரு ஜன்னல் அது. தனி ஆளுக்கு விற்பதென்றால் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம்: சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதம் வேண்டும். குமுளி பெரியாறு சரணாலயத்தின் வாசலிலேயே இருக்கிறது. கீழே மேகமலைப் பக்கமும் இதே கதைதான். லைசென்ஸில் கேரளா மட்டும் என்றிருந்தால் செக்போஸ்ட்டைத் தாண்டவே கூடாது. மதுரை ரைஃபிள் கிளப்புக்குப் போகும் நினைப்பு இருந்தால் அதை முதலில் மாற்றி வாங்குங்கள்.

மற்ற ரகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய அன்ஷுட்ஸ் மேட்ச் 54 கிடைத்தால் போட்டிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இந்த பாயிண்ட் டூ டூவில்தான். ஆனால் அது தராசு மாதிரி ஒரு கருவி, பீரோவில் வைத்து ரசிக்கும் பொருள் இல்லை. இஷாப்பூர் ஃபேக்டரி ரைஃபிள் உழைக்கும், ரசிக்க முடியாது. லைசென்ஸே கிடைக்காதவர் பழைய பி.எஸ்.ஏ. ஏர் ரைஃபிள் தேடலாம். குழல் பாயிண்ட் 177 அங்குலம், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்றால் லைசென்ஸ் தேவையில்லை.

பன்றிக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. 2022-இல் கேரளத்தில் பஞ்சாயத்து தலைவர் உத்தரவில் காட்டுப் பன்றியைச் சுட வழி திறந்தது, ஆனால் அதற்கென்று பட்டியலில் உள்ள ஆட்கள் உண்டு. பாயிண்ட் டூ டூவில் சுட்டால் பன்றி சாகாது, காயத்தோடு ஏலக்காட்டுக்குள் ஓடி அடுத்த நாள் வேலைக்கு வரும் பெண்கள் மேல் பாயும். சின்னத் தோட்டாதானே என்று எஸ்டேட்டில் பாட்டில் வைத்துச் சுடுவதும் வேண்டாம். அது ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

மேலே குடியிருந்துகொண்டு மார்ட்டினியையும் விட மனசில்லையா? கிளப் உறுப்பினராகி இரண்டையும் லைசென்ஸில் ஏற்றிக்கொண்டு, மழை நாலு மாதமும் மார்ட்டினியை மட்டும் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள். கம்பத்தில் மச்சான் வீட்டில் வைக்கலாமே என்று மட்டும் யோசிக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத மச்சான் மேல் கேஸ் வரும், உங்கள் லைசென்ஸும் போகும்.