டான் ஹட்சனா, ஜெர்ரி ரைஸா? முதல் 11 சீசன்களின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் சிறந்தவர் யார், டான் ஹட்சனா, ஜெர்ரி ரைஸா? மொத்தக் கணக்கைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஹட்சன் பிடித்த டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து 6 புள்ளி எடுப்பது) 99, ரைஸ் பிடித்தது 197. ஆனால் ஹட்சன் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக 1935 முதல் 1945 வரை ஆடியது 116 ஆட்டங்கள்தான். ரைஸ் 20 சீசன்களில் 303 ஆட்டங்கள் ஆடினார். அதனால் ரைஸின் முதல் 11 சீசன்களை (1985–95) மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். 172 ஆட்டங்களில் 146 டச்டவுன், அதாவது ஆட்டத்துக்கு 0.849. ஹட்சனுக்கு 0.853! அரை நூற்றாண்டு இடைவெளியில் இவ்வளவு நெருக்கம் வியப்புதான்.

பந்தைப் பிடித்து முன்னேறிய யார்டு கணக்கில் ரைஸ் முன்னே நிற்கிறார்: ஆட்டத்துக்கு 88, ஹட்சனுக்கு 69. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹட்சன் காலத்தில் அணிகள் பந்தை எறிந்ததைவிடத் தூக்கிக்கொண்டு ஓடியதே அதிகம். 1978 விதி மாற்றத்துக்குப் பிறகு, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டு தாண்டிய ரிசீவரைத் தடுப்பாளர் இடித்து நிறுத்த முடியாது. ரைஸ் வந்தது அதற்கும் பிறகு.

ஹட்சன் பக்கம் வாதிடும் பலரும் தவறுவது 1942-இல். அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் 74 கேட்ச், 1,211 யார்டு, 17 டச்டவுன். ஆனால் வீரர்கள் பலர் போருக்குப் போய்விட, எதிரணிகள் மெலியத் தொடங்கியிருந்தன. 1942–45 கணக்கில் வரும் 46 டச்டவுனைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 75 ஆட்டங்களில் 53, ஆட்டத்துக்கு 0.71. ரைஸின் 11 சீசன் வேகத்துக்கு இது கீழே. அவருடைய முழு வாழ்க்கைச் சராசரியான 0.65-க்கு மேலே.

இன்னொரு கழித்தலை எண்ணால் சொல்ல முடியாது. 1934 முதல் 1945 வரை, இருவரும் ஆடிய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இல் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. ஹட்சன் விளையாடிய எல்லா ஆண்டுகளும் அதற்குள்தான். ரைஸ் எதிர்கொண்டதோ நாட்டின் மொத்தத் திறமையையும். பந்து பிடிப்பதை மட்டும் எடை போட்டால் ரைஸ்தான் மேல்.

ஆனால் ரைஸ் தாக்குதல் ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்காரலாம். ஹட்சன் அப்படியே தடுப்பில் நிற்பார், டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளிக்கான உதையும் அவருடையது. 1945-இல் டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 4 டச்டவுன், 5 உதை: 29 புள்ளிகள். எதிரணி எறிந்த பந்தைப் பறித்ததை லீக் எண்ணத் தொடங்கியதே 1940-இல். அதன்பின் 6 சீசன்களில் 30 பந்துகளைப் பறித்திருக்கிறார்.