தொட்டியா, கடல் அடைப்பா? சிறைப்பட்ட ஓர்காக்களுக்கு எது மேல்

பல காலம் தொட்டியில் வளர்ந்த ஓர்காவை (கொலையாளித் திமிங்கிலம் என்பார்களே, அதை) நேராக நடுக்கடலில் விட்டுவிட முடியாது. இரை பிடிக்கப் பழக்கமில்லை, சேர்ந்து நீந்தக் கூட்டமும் இல்லை. அதனால் வழி இரண்டுதான்: இருக்கும் கான்கிரீட் தொட்டி, அல்லது வலை கட்டி அடைத்த விரிகுடா.

தொட்டியில் மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார், வேளைக்கு மீன் வருகிறது. பொய்யில்லை. ஆனால் அந்த விலங்கின் வாயைப் பாருங்கள். சுவரையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்துப் பல ஓர்காக்களின் பற்கள் தேய்ந்து, உள்ளிருக்கும் நரம்புச் சதையே வெளியில் தெரிகிறது. சீழ் பிடிக்காமலிருக்க அந்தப் பற்களைத் துளையிட்டு, அன்றாடம் நீர் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். கடலிலோ, ஆயுள் முழுக்கத் தாயை விட்டுப் பிரியாத மகன்கள் உண்டு. தொட்டி உலகில் தாயையும் குட்டியையும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். பிரித்த துயரத்துக்கு எந்த மருத்துவர் என்ன செய்வார்?

கடல் அடைப்பில் அலையும் நீரோட்டமும் உண்டு, உயிருள்ள மீன் வந்துபோகும். செலவு அதிகம், புயல் பயமும் உண்டு. கெய்க்கோ என்ற ஆண் ஓர்காவை 1998-இல் ஐஸ்லாந்து விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள். 2002-இல் அது நார்வே வரை தானே நீந்திப் போனது, 2003-இல் இறந்தது. காட்டு ஓர்காக்களோடு முழுதாகச் சேரவேயில்லை. இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன்: அந்தக் கடைசி ஆண்டுகளில் எந்தப் பக்கம் நீந்துவது என்பதை அதுவே முடிவு செய்தது. என் ஓட்டு கடல் அடைப்புக்குத்தான், தொட்டியில் புதிதாக ஒரு குட்டியும் பிறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.