ரிலே அனுமதி எதை வைத்து: ஐபியா, பாஸ்வேர்டா?

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் வழியாக யார் வெளியே மெயில் அனுப்பலாம் (அதுதான் ரிலே அனுமதி) என்பதை இரண்டு விதமாக முடிவு செய்யலாம். மைநெட்வொர்க்ஸ் என்ற நம்பகமான முகவரிகளின் பட்டியலில் அனுப்புபவரின் ஐபி இருந்தால் கேள்வியே இல்லாமல் விடுவது ஒன்று. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்பது இன்னொன்று.

முதலாவது சுலபம். பாஸ்வேர்டு கொடுக்கத் தெரியாத பழைய ஸ்கேனருக்கெல்லாம் அதுதான் தோது. ஆனால் ஒருமுறை அவசரத்தில் டாக்கர் (மென்பொருட்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) நெட்வொர்க் 172.17.0.0/16-ஐ அந்தப் பட்டியலில் அப்படியே சேர்த்துவிட்டேன். வெளியிலிருந்து வந்த இணைப்புகளும் 172.17.0.1 என்றே லாகில் பதிவாகின; அது பட்டியலில் உள்ள முகவரி என்பதால் கேள்வியே இல்லாமல் நுழைந்தன. காலையில் பார்த்தால் அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் கியூ முழுக்க முன்பின் தெரியாத முகவரிகள்!

பாஸ்வேர்டு வழியில் இந்த ஆள்மாறாட்டம் நடக்காது. மெயில் அனுப்புவதற்கான 587 போர்ட், டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) கட்டாயம், அவ்வளவுதான். பாஸ்வேர்டு திருடுபோனால் தலைவலிதான், சரி. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. மைநெட்வொர்க்ஸில் 127.0.0.0/8 (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரிகள்) இருந்தால் போதும்.