வீட்ல வீணை ரெக்கார்டிங், நாலு வருஷ அனுபவம்: அந்த அனுமந்தரம் படுத்தற பாடு

போன வாரம் என்கிட்ட வீணை கத்துக்கிட்ட பொண்ணு போன் பண்ணா. "அக்கா, யூடியூப்ல போடலாம்னு இருக்கேன், அப்பா அம்பதாயிரம் தர்றேன்னு சொல்றார், வீட்லயே மைக் வாங்கிப் போட்டுடவா, இல்ல ஸ்டுடியோ போயிடவா"ன்னு கேட்டா. அன்னிக்குத்தான் மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற என்னோட இன்டர்ஃபேஸ் பெட்டி அஞ்சு வாரம் கழிச்சு சர்வீஸ்லேருந்து வந்திருந்துது, கண்டென்சர் மைக்குக்கு அது குடுக்கற 48 வோல்ட் சப்ளை போய் மைக் செத்தமாதிரி கிடந்து, 3,200 ரூபாய் அழுது, அந்தக் கடுப்புல "பேசாம ஸ்டுடியோ போ"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கலை, அதான் விவரமா எழுதறேன்.

செட்டப் எல்லாரும் வாங்கறதுதான். 2021ல ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, ஹெட்போன், எல்லாம் சேர்த்து 38,000 ஆச்சு. சாஃப்ட்வேர் ரீப்பர், 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்த்துட்டு அப்புறம் 60 டாலர் கட்டினேன், அதைப் பத்தி ஒரு குறையும் கிடையாது.

குறை ரூம்ல இருக்கு. என் வீணை மூணு கட்டை ஸ்ருதி. வாசிக்கற நாலு தந்தில சாரணியும் பஞ்சமமும் அழகா விழும், மந்தரமும் பரவாயில்லை, ஆனா எல்லாத்துக்கும் கீழ் ஸ்ருதில இருக்கற நாலாவது தந்தி அனுமந்தரத்தைத் தொட்டா போதும், "பூம்"னு ஒரு வீக்கம், தந்தியோட நாதமே இல்ல அது, ஏதோ அண்டாவுக்குள்ள வாசிக்கற மாதிரி. முதல்ல மைக் சரியில்லைன்னு நினைச்சேன், அப்புறம் வீணைக் குடத்துல ஏதாவது விரிசலான்னு பயந்து வீணை செய்யற தஞ்சாவூர்க்காரர்கிட்ட போன்லயே வாசிச்சுக் காமிச்சேன். கடைசில சவுண்ட் இன்ஜினியர் ஒருத்தர் டேப் எடுத்து ரூமை அளந்தார், அகலம் சரியா ஒம்பது அடி. ஒம்பது அடி இடைவெளில ரெண்டு சுவர் எதிரெதிரா நின்னா 63 ஹெர்ட்ஸ் கிட்ட ஒலி தேங்கி நிக்கும்னார். அனுமந்தரத் தந்தியைச் சேர்க்கறது கீழ்ப் பஞ்சமத்துக்கு, மூணு கட்டைல அது எவ்வளவுன்னு கணக்குப் போட்டா 62. நான் என்ன மைக் வாங்கினாலும் அந்தச் சுவர் ரெண்டும் என் நாலாவது தந்திக்குன்னே கட்டின மாதிரி நிக்குது!

இந்த இடத்துலதான் நிறைய பேர் காசை விடறாங்க, நானும் விட்டேன். ரெண்டு இன்ச் கறுப்பு ஃபோம், 6,000 ரூபாய்க்கு சுவர் பூரா ஒட்டினேன். கைதட்டினா வர்ற எதிரொலி அடங்குச்சு, அனுமந்தரம் அப்படியே இருந்துது, ஏன்னா அந்த ஸ்வரத்தோட அலை நீளமே பதினெட்டு அடி, அதை ரெண்டு இன்ச் ஃபோம் என்ன பண்ணும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நாலு மூலைலயும் நிறுத்தினதுல மத்த கசகசப்பு இன்னும் கொஞ்சம் குறைஞ்சுது. உருப்படியா வேலை செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், மைக்கை அந்த ஒம்பது அடிக்கு நட்டநடுவுல வெக்கறது. சுவர் ஓரத்துலதான் அந்த அழுத்தம் ஜாஸ்தி, நடுவுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஒரு அடி நகர்த்தினதுக்கே வித்தியாசம் கேட்டுது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

ஆனா நடு ரூம்னா நேர் மேல ஃபேன். வீணை சத்தம் கம்மியான வாத்தியம், மைக் சத்தத்தைப் பெருக்கற கெய்னை நல்லா ஏத்தணும், ஏத்தினா ஃபேன் சத்தம் முழுசா உள்ள வந்துடும், அதனால ஆஃப் பண்ணித்தான் ஆகணும். சித்திரை வைகாசில ஃபேன் இல்லாம முக்கால் மணி நேரம் உக்காந்தா நமக்கு வேர்க்கறது கூட போகட்டும், மெட்டு, அதான் தந்திக்கு அடில ஸ்வரத்துக்கு ஒண்ணா இருக்கற கம்பி, அதைப் பதிச்சிருக்கற மெழுகு இளகிடுது. போன மே மாசம் மேல் ஸ்தாயில நாலு மெட்டு லேசா சாய்ஞ்சு, தைவதம் பேசவே இல்ல, திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டையெல்லாம் சரியான இடத்துல மெழுகுல பதிக்க, ஆள் வரவழைக்க வேண்டியதாச்சு. அதுலேருந்து காலைல நாலரை மணிக்குத்தான் ரெக்கார்டிங். நங்கநல்லூர்ல குயில் கூவறதுக்கு முன்னாடி கிடைக்கற அரை மணி நேரம்தான் எனக்கு, அதுலயும் ப்ளைட் ஒண்ணு தலைக்கு மேல போனா அந்த டேக் போச்சு.

இவ்வளவு திட்டறேனே, இந்த செட்டப் எனக்குப் பண்ணின ஒரு உபகாரத்தையும் சொல்லணும். தோடி ராக ஆலாபனை ஒண்ணு பதிவு பண்ணி சாயங்காலம் ஹெட்போன்ல கேட்டேன். காந்தாரத்தை அசைக்கும்போது மத்திமத்தைத் தொட்டுட்டு வரணும் இல்லியா, என்னோடது தொடாமயே பாதில திரும்புது. இருபத்திரெண்டு வருஷமா வாசிக்கறேன், வாசிக்கற நேரத்துல கை தந்தியைக் குறையா இழுக்கறதை மனசு முழுசாக்கிக் கேட்டுக்கும்போல, பதிவு அப்படிக் கேக்கலை. தினமும் பத்து நிமிஷம் பதிவு பண்ணி, கேட்டு, விரலுக்கு இன்னும் பலம் கொடுத்து, மூணு மாசத்துல சரியாச்சு. எந்த ஸ்டுடியோவும் இதை எனக்குக் குடுத்திருக்காது.

ஸ்டுடியோவுக்கும் போனேன், போன ஐப்பசில, மணிக்கு 900 ரூபாய், குறைஞ்சது நாலு மணி நேரம் எடுக்கணும். வெளில வெக்கைலேருந்து ஏசிக்குள்ள போனதும் ஏழு தந்தியும் ஸ்ருதி ஏறிப்போச்சு, அடங்க நாப்பது நிமிஷம், அதுக்கும் மீட்டர் ஓடுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் காத்துண்டிருக்கார்ங்கற நினைப்புலயே முதல் கீர்த்தனை அவசரமாப் போச்சு. ஆனா ஹெட்போன்ல அனுமந்தரத்தைக் கேட்டேன் பாருங்க! வீக்கம் இல்ல, இரைச்சல் இல்ல, நகம் தந்தியை விட்டு விலகற சத்தம் தனியா, அதுக்கப்புறம் பலாமரம் பேசற சத்தம் தனியா, மெதுவா தேய்ஞ்சு தேய்ஞ்சு போற கடைசி முனை வரைக்கும் கேட்டுது. என் வீணை இவ்வளவு நல்ல வீணைன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

"ரஹ்மானே வீட்ல தானே ஆரம்பிச்சார்"னு சிலர் சொல்றாங்க. 1989ல வீட்டுக்குப் பின்னாடி அவர் கட்டினது ஒரு ஸ்டுடியோ, பெட்ரூம்ல மைக் நட்டது இல்ல. 2020ல கிராமி வாங்கின பில்லி ஐலிஷ் ஆல்பம் நிஜமாவே பெட்ரூம்ல பண்ணினதுதான், ஆனா வாயை மைக் கிட்ட வெச்சு மெதுவாப் பாடறவங்களுக்கு ரூம் அவ்வளவா குறுக்க வராது. குடத்துலேருந்து மைக்கை அவ்வளவு கிட்ட கொண்டுபோனா நாதம் முழுசா வராது, கொஞ்சம் தள்ளித்தான் வெக்கணும், தள்ளி வெச்சா ரூமும் சேர்ந்து வாசிக்கும்.

அந்தப் பொண்ணுக்கு நேத்து திரும்பப் போன் பண்ணினேன். அம்பதாயிரத்தையும் ஸ்டுடியோல கொட்டாதே, வீட்லயே வாங்கிப் போடு, ஃபோமுக்கு ஒரு பைசா செலவு பண்ணாதே, முதல்ல டேப் எடுத்து ரூமை அளந்து சொல்லுன்னேன். "போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே அக்கா"ன்னா. ஆமா, சொன்னேன். கீர்த்தனை நாலுக்கு நானே கார்த்திகைல ரெண்டு நாள் ஸ்டுடியோ புக் பண்ணியிருக்கேன், முன்பணமும் கட்டியாச்சு. மனோதர்மமா வாசிக்கற ராகம் தானம் மட்டும் வீட்லதான், அந்தப் பாழாப்போன அனுமந்தரத்தோடயே. மணி பார்த்துண்டு என்னால தானம் வாசிக்க முடியாது.