தட்டைப் பாதக் குதிரைக்கு எந்த பேட்? 3 வருட அனுபவம்

போன வாரம் லாயத்தில் ஒரு தங்கச்சி கேட்டார்: "அண்ணே, உங்க முத்துவுக்கு என்ன பேட் போட்டிருக்கீங்க? என் குதிரை கல்லைப் பார்த்தாலே நின்னுடுது." பேட் என்றால் குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் வைக்கிற மெத்தை. நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

முத்து, கோலாலம்பூர் சுங்கை பீசி பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம். முன்னங்கால் இரண்டும் தோசைக்கல் மாதிரி தட்டை. குளம்பின் அடியில் குழிவு இருந்தால் சின்னக் கற்கள் அடிப்பாதத்தை அழுத்தாது. இவனுக்கு ஒவ்வொரு கல்லும் குத்தும். லாயத்திலிருந்து மணல் திடலுக்கு ஒரு சின்னச் சரளைப் பாதைதான். அதைக் கடக்க, ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைப்பான். பார்க்க மனசு கேட்காது.

முதலில் தோல் பேட். பாதத்தோடு நன்றாகப் படிந்தது. ஆனால் கோலாலம்பூர் மதிய மழையில் ஊறி ஊறி, 4 வாரத்தில் நசுங்கிவிட்டது. பேட் அமுங்கினால் ஆணியின் பிடி தளரும், லாடம் ஆடும். இரண்டு முறை போட்டுவிட்டு விட்டேன்.

அப்புறம் பிளாஸ்டிக் முழு பேட். மறைக்காமல் சொல்கிறேன், போட்ட மறுநாளே அதே சரளையில் காதை முன்னால் நிமிர்த்திக்கொண்டு துள்ளி ஓடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலியைக் குறைப்பதில் இதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

ஆனாலும் அதன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது! 6 வாரம் கழித்து லாடம் அடிப்பவர் கழற்றினார். நாற்றம் லாயம் முழுக்க அடித்தது. பைன் மரத் தார் தோய்த்து உள்ளே அடைத்திருந்த சணல்நார் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. குதிகால் பக்கமாகப் புகுந்த மணல் அதில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. குளம்பின் நடுவே ரப்பர் மாதிரி இருக்குமே, ஃபிராக், அதன் பள்ளத்தில் கறுப்புச் சீழ் மாதிரி கசிந்தது. விரலால் லேசாக அழுத்தினேன், காலை வெடுக்கென்று இழுத்தான். காலையும் மாலையும் நான் ஒழுங்காகக் குளம்பு சுரண்டியவன்தான். சுரண்டியது எல்லாம் பிளாஸ்டிக்கை. அவன் பாதம் உள்ளே அழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த முறை மயில்துத்தம் கலந்து அடைத்தோம். அழுகல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வறண்ட ஊரில் இந்த பேட் நன்றாக உழைக்கலாம். இங்கே அக்டோபர், நவம்பரில் லாயத்துத் தரையே காய்வதில்லை.

துப்பாக்கி மாதிரி ஒன்றால் திரவமாக ஊற்றி ரப்பர் போல இறுக விடுவார்களே, யூரித்தேன் பேட், அதையும் பார்த்தேன். பாதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மணல் புக இடமில்லை. ஆனால் ஊற்றும்போது குளம்பு ஈரமே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். மின்விசிறி வைத்துக் காய வைத்தோம். முதல் முறை அருமை. இரண்டாம் முறை ஊற்ற வந்தவர் லாடத்தின் மட்டத்தைத் தாண்டித் துருத்த விட்டுவிட்டார். உடம்பின் பாரம் எல்லாம் மெல்லிய அடிப்பாதத்தில் இறங்கி, 2 நாள் நொண்டினான். அதை நறுக்கி எடுத்த பிறகுதான் சரியானது.

இப்போது போட்டிருப்பது விளிம்பு பேட். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் விளிம்போடு மட்டும் இருக்கும், பாதம் திறந்தே இருக்கும், தரையிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கித் தரும். லாடத்தின் உள்விளிம்பையும் சரித்துத் தேய்க்கச் சொன்னேன், அது அடிப்பாதத்தில் உட்காராமல் இருக்க. லாடம் அடிப்பவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: அழகுக்காக அடிப்பாதத்தைச் சீவவே கூடாது. இருக்கிற கொஞ்ச தடிமனும் போனால் எந்த பேட்டும் காப்பாற்றாது.

முழு பேட் போட்டபோது ஓடிய ஓட்டம் இப்போது இல்லை. சரளையில் மறுபடியும் மெதுவாகத்தான் வருகிறான். பாதையில் பழைய ரப்பர் பாய்களை விரித்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் முழு பேட்டைத் திரும்பப் போட மாட்டேன். ராத்திரி டார்ச் அடித்து, காலைத் தூக்கி, பாதத்தை மோந்து பார்க்கிறேன். நாற்றம் இல்லை.

தங்கச்சி, சனிக்கிழமை முத்துவுக்கு லாடம் மாற்றுகிறோம். காலையில் வாங்க, கழற்றும்போது கிட்ட நின்று பாருங்க. கழற்றி வைத்த பழைய பிளாஸ்டிக் பேட்டும் இருக்கிறது, அதையும் காட்டுகிறேன்.